பழைய வண்டிக்கு என்ன எண்ணெய்

குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு தை மாதத்துக் காலையில் என் கணவருக்குப் பேச்சு போனது. செடியின் தூரைப் பிடித்து இழுத்தவர் கிழங்கோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தார். கால் வழுக்கிவிட்டது என்று நினைத்து நான் சிரிக்கக்கூடச் செய்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் என்னையே பார்த்தன.

கொல்லிமலை மேலேயே இருக்கும் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் உடனே மலைக்குக் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஒவ்வொரு வளைவாகத் திரும்பித் திரும்பி இறங்கியது. அந்த ரோட்டில் எத்தனையோ தரம் இறங்கியிருக்கிறேன், அது இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வழியில், "ஏனுங்க, நான் பேசறது கேக்குதுங்களா?" என்று காதருகில் குனிந்து கேட்டேன். "ஆகட்டு" என்றார். பேச்சு வந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது.

அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அவருக்கு எல்லாம் புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே சரியாகத்தான் இருக்கும், வாய்க்கு வரும்போது மட்டும் அந்த ஒரே சொல்லாக வந்து விழும் என்றார். சிலருக்குக் காலப்போக்கில் பேச்சு திரும்பும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார்.

பசிக்கிறதா என்றால் ஆகட்டு. வலிக்கிறதா என்றாலும் ஆகட்டு. போர்வை வேண்டாமா என்றாலும் ஆகட்டுதான். தலையாட்டலும் நம்பும்படியாக இல்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரி ஆடியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதற்கும் லேசில் சரி, ஆகட்டு என்று சொல்லிக் கேட்டதில்லை நான். காப்பியில் சூடு குறைந்தால் திருப்பிக் கொடுப்பார். கிழங்கு ஏற்ற வரும் லாரிக்காரர்களோடு எடை போடும்போது சண்டை பிடிப்பார். அவருடைய டிராக்டரைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. அரியூர் நாடு என்கிற மலைப் பகுதியில், இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஓடையை ஒட்டிக் கொஞ்சம் நெல் வயலும், மேலே கிழங்குக் காடும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளும் எங்களுக்கு இருந்தன. ஆனால் சோறு போட்டது வண்டிதான். சுற்றியுள்ள பள்ளத்து வயல்களுக்கெல்லாம் ஆடி மாதத்தில் சேற்று உழவுக்கு அதுதான் போகும். தையிலும் மாசியிலும் கிழங்கு மூட்டைகளை லாரி நிற்கும் ரோட்டுக்குக் கொண்டுபோவதும் அதுதான்.

அந்த டிராக்டர் எங்கள் இருவருக்கும் மூத்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து நம் நாட்டில் செய்த வண்டி, பிறகு அந்தக் கம்பெனியே மூடிவிட்டது என்று சொல்வார். முகப்பில் இருந்த பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. ராசிபுரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அதை அவர் வாங்கி, ஓட வைத்து, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு மலையேறினார். நான் மட்கார்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். வளைவுகளில் பஸ்காரர்கள் பின்னால் நின்று ஹாரன் அடித்தார்கள். தண்ணீர் கொதிக்கும் போதெல்லாம் நிறுத்தி, பாறையில் வடியும் ஊற்றில் பிடித்து ஊற்றினோம். மேலே வந்து சேர்ந்ததும் எஞ்சினின் மேல் கையை வைத்து, "ஏறிப்போட்டம் புள்ள" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்த நாள் வேறொன்று எனக்கு நினைவில்லை.

அந்த வண்டிக்கு ஊற்றும் எஞ்சின் எண்ணெயை அவர் நாமக்கல்லில் ஒரே ஒரு கடையில்தான் வாங்குவார். அங்கே பெரிய பீப்பாயிலிருந்து கைப்பம்பால் அடித்து, நாம் கொண்டுபோகும் தகர டப்பாவில் பிடித்துத் தருவார்கள். பெயரும் கிடையாது, எண்ணும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அதில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். இங்கேயே செம்மேட்டில் டப்பா டப்பாவாக விற்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "இதுதான் இதுக்குச் சேரும்" என்றார். காரணம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கேட்கும் பழக்கம் எனக்கும் அவ்வளவாக இல்லை.

ஆனி பிறந்ததும் உழவுக்கு ஆள் வரத் தொடங்கினார்கள். "வண்டி ஓடுமுங்களா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டு, "ஓட்டறதுக்குத்தான் ஆளில்லியே" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நான் ஓட்டுவேன். சமதரையில் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். சேற்றில் புதையாமல் இருக்கக் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டி உழுததும் உண்டு, அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. ஒரு நாள் நானே வெளியே வந்து, "நான் ஓட்டறனுங்க. ஆடி பொறந்ததும் வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு, எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் ஒட்டியது. இருந்ததும் தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. எண்ணெயை மாற்றாமல் ஒரு வயல்கூட உழ முடியாது. கொட்டகையில் இருந்த தகர டப்பாவைக் கவிழ்த்தேன். கூரை ஒழுகி மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. மோர் போல வெளுத்த ஏதோ ஒன்று கொஞ்சம் வந்தது.

கொழுந்தனாரை அவருக்குத் துணையாக வைத்துவிட்டு, அந்தத் தகர டப்பாவோடு முதல் பஸ்ஸில் இறங்கினேன்.

நாமக்கல்லில் அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், "இங்க எண்ணெய்க் கடை இருந்துச்சே கண்ணு" என்றேன்.

"செக்கெண்ணெய்ங்களா? அது பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கமுங்க."

"இல்ல கண்ணு. டிராக்டர் எண்ணெய். பீப்பாயில வெச்சுக் குடுப்பாங்க."

அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர்தான் சொன்னார். கடைக்காரர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன, மகன்கள் கடையைக் காலி செய்துவிட்டார்கள். அப்படியானால் கடைசியாக வாங்கி வந்த எண்ணெயை எத்தனை வருடமாக என் கணவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. கடை போனதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த வீதியிலேயே பெரிய கடை ஒன்று இருந்தது. சுவர் முழுக்கப் பளபளக்கும் டப்பாக்கள். தகர டப்பாவில் இருந்ததைக் கடைக்காரர் விரலால் தொட்டுப் பார்த்து, துணியில் துடைத்துக்கொண்டார். "இதுல ஒண்ணும் தெரீலீங்க, தண்ணி கலந்துருச்சு. எந்த வருசத்து வண்டிங்க?" என்றார். தெரிந்த அளவுக்குச் சொன்னேன். ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "எண்ணெயோட கெட்டிக்கு நம்பர் பதினஞ்சு நாப்பதுங்க. இப்ப வர்ற எல்லா டிராக்டருக்கும் இதுதான். எஞ்சினுக்குள்ள இருக்கற அழுக்கையெல்லாம் கழுவிச் சுத்தமா வெச்சுக்கும். இதுக்கு மேல நல்ல எண்ணெய் கெடையாதுங்க."

"ரொம்பப் பழைய வண்டிங்க."

"பழசுக்குத்தானுங்க நல்லது வேணும்."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனாலும் வாங்கவில்லை. இன்னொரு கடையில் கேட்டேன். "தேஞ்ச எஞ்சினுக்குக் கொஞ்சம் கெட்டியா வேணுமுங்க. இருபது ஐம்பது ஊத்துங்க" என்றார் அவர். சேந்தமங்கலத்தில் பஸ் மாறும்போது ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். அங்கே இருந்த வயதானவர் உள்ளே போய், தூசி படிந்த ஒரு டப்பாவோடு வந்தார். "முந்தி ஆயில் எஞ்சின் பம்பு செட்டுக்கெல்லாம் ஊத்துவாங்க. நாப்பது நம்பர், வெறும் நாப்பதுதான். இப்ப யாருங்க கேக்கறா? எல்லாம் கரண்டு மோட்டார் ஆயிருச்சு" என்றார். அதுதான் நல்லதா என்று கேட்டேன். "நல்லதுன்னு சொல்ல முடியாதுங்க. பழையது. அவ்வளவுதான்" என்றார்.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அடிவாரத்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். என் கணவருக்குப் பழக்கமானவர், வருடத்துக்கு ஒருமுறை மேலே வந்து வண்டியைப் பார்ப்பவர். சத்தத்துக்கு நடுவே ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசினார். "அண்ணன் எண்ணெய் விசயத்துல யாரையும் கிட்டவே விடமாட்டாருங்கக்கா. எனக்குத் தெரியாதுங்க. நல்ல எண்ணெயாப் பாத்து ஊத்துங்க. எண்ணெய் இல்லாம ஓட்டறதுதான் தப்பு" என்றார்.

மறுபடி நாமக்கல் பஸ் ஏறி, முதல் கடைக்கும் இரண்டாவது கடைக்கும் போய்க் கெஞ்சி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சின்ன பாட்டிலில் வாங்கினேன். திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடைக்காரரும் கொடுத்தார். மூன்று பாட்டில்களையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு மலையேறினேன். அவர் விரலால் தொட்டால் தெரிந்துவிடும் என்று எனக்கு உறுதியாக இருந்தது. வாய்தானே போயிற்று, விரல் போகவில்லையே என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பனி விலகியதும் அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். இடது கையை வெந்நீரில் துடைத்தேன். "ஏனுங்க, வண்டிக்கு எண்ணெய் மாத்தோணும். மூணு கொண்டாந்திருக்கறன். எதுன்னு நீங்கதான் சொல்லோணும்" என்றேன்.

"ஆகட்டு" என்றார். கண்ணில் வெளிச்சம் வந்தது. நோய் வந்த பிறகு அப்படி நான் பார்த்ததில்லை.

முதலில் பெரிய கடையின் எண்ணெய். தெளிவான தேன் நிறம். அவருடைய கட்டைவிரலில் ஒரு சொட்டு விட்டேன். இடது கை அவருக்குப் பழக்கமில்லாத கை, இருந்தாலும் விரல்கள் தாமாகவே தேய்க்கத் தொடங்கின. "ஆகட்டு!" என்றார், உடனே, உரக்க. துடைத்துவிட்டு இரண்டாவதை விட்டேன். "ஆகட்டு." துடைத்துவிட்டு மூன்றாவது. பம்பு செட்டு எண்ணெய். கொஞ்சம் மங்கலாக, கெட்டியாக இருந்தது. தேய்த்தார். நிறுத்தவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. கேட்டும் கேட்காமலும், "ஆகட்டு" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை முதல் சொட்டிலேயே அவருடைய முகம் சிவந்தது. கையை உதறினார். பாட்டில் உருண்டு எண்ணெய் தரையில் ஓடியது. "ஆகட்டு, ஆகட்டு, ஆகட்டு" என்று அழுதார். நானும் அழுதேன். அதற்குமேல் அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை.

அன்று பகல் முழுக்க யோசித்தேன். முதல் எண்ணெய்க்கு அவர் உடனே, உரக்கச் சொன்னார். மூன்றாவதற்கு அழுதார். உரக்கச் சொன்னது சரி என்பதற்காகவா, வேண்டாம் என்று கத்தியதா? அழுதது வேண்டாம் என்பதாலா, இல்லை, தெரிந்த ஒன்று கைக்குத் திரும்பக் கிடைத்ததாலா? எப்படி எடுத்துக்கொண்டாலும் பொருந்தியது. பெரிய கடைக்காரர் சொன்னதும், மெக்கானிக் சொன்னதும், டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததும் ஒரே பக்கம் நின்றன. பழையது என்பதைத் தவிர அந்தத் தூசி டப்பாவுக்காகச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. பெரிய கடைக்குப் போன் செய்து, டப்பாக்களைக் கொல்லிமலை பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன்.

எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, சூடானதும் அடித்திருகைக் கழற்றி, பழைய எண்ணெயை இறக்கினேன். கட்டி கட்டியாகக் கறுப்பு விழுந்தது. இவ்வளவு அழுக்கோடா இது ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. புதிய எண்ணெயை ஊற்றிக் கிளப்பியதும் வண்டி முன்பைவிட மெத்தென்று ஓடியது. புகையும் குறைந்த மாதிரி இருந்தது. அவருடைய கட்டிலுக்கு நேராக நிறுத்தி, "கேளுங்க, நல்லா இருக்குதுங்களா?" என்றேன். அவர் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும்.

ஆடியில் மூன்று நான்கு பேருடைய வயல்களை உழுதேன். ஒரு குறையும் இல்லை. குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் அதற்குள் மை மாதிரி கறுத்திருந்தது. பயந்துபோய்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அது வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க. உள்ள இருக்கற அழுக்கை எடுக்குது. நல்லதுதான்" என்றார். நிம்மதியாக இருந்தது. பெண் உழுகிறாள் என்று பார்க்க வந்தவர்கள்கூட, பிறகு தங்கள் வயலுக்கும் நாள் கேட்டுப் போனார்கள். அந்தச் சில நாட்களில் நான் பாட்டுக்கூட முணுமுணுத்திருப்பேன்.

முதலில் சொல்லியிருந்தவர்களின் வயல்களை முடித்துவிட்டுத்தான் எங்கள் வயலில் இறங்கினேன். நாற்று தயாராக இருந்தது. அவரும் பார்க்கட்டும் என்று கொழுந்தனார் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து, வரப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மழை இல்லை, மேலே மூட்டம் மட்டும். கேஜ் வீல் சேற்றை அள்ளி எறிய, நான் வரப்பை ஒட்டிச் சுற்றிவரத் தொடங்கினேன்.

வயலில் பாதி முடிந்திருக்கும். வரப்பில் அவர் இடது கையை ஆட்டுவது தெரிந்தது. ஏதோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொழுந்தனார் வாயில் கை குவித்து, "அண்ணி! அண்ணன் 'ஆகட்டு'ங்கறாருங்க! ஓட்டுங்க, ஓட்டுங்க!" என்று சிரித்தபடி கத்தினார். நானும் கையை ஆட்டினேன். அவர் உற்சாகமாக இருக்கிறார் என்று எனக்கும் உற்சாகம் வந்தது. இன்னொரு சுற்று போனேன்.

திரும்பி வரும்போது அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். கை ஆடியது உற்சாகத்தில் இல்லை என்று அப்போதுதான் லேசாகப் பட்டது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கொழுந்தனார் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பிடிக்கப் போனார். அதற்குள் அவர் தன் நல்ல காலை ஊன்றி எழ முயன்று, நாற்காலியோடு வயலுக்குள் தலைகுப்புற விழுந்தார்.

நான் வண்டியை நியூட்ரலில் தள்ளிவிட்டுக் குதித்து ஓடினேன். எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்? அவருடைய முகம் சேற்றுக்குள் இருந்தது. நானும் கொழுந்தனாருமாகப் புரட்டி, மூக்கையும் வாயையும் துடைத்தோம். இருமினார். மூச்சு வந்ததும் எங்களை விலக்கிக்கொண்டு, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "ஆகட்டு, ஆகட்டு" என்று வண்டியைக் காட்டினார். அப்போது எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இரும்புக் குடத்துக்குள் கல்லைப் போட்டு உலுக்குவது போன்ற கடகடப்பு. அது எப்போது தொடங்கியதோ! வண்டிமேல் உட்கார்ந்து ஓட்டிய எனக்குக் கேட்காதது, வரப்பில் இருந்த அவருக்கு முதலிலேயே கேட்டிருக்கிறது. நிறுத்து, நிறுத்து என்றுதான் அவர் அவ்வளவு நேரமும் கத்தியிருக்கிறார்.

நான் எழுந்து வண்டியை நோக்கித் திரும்பினேன். சேற்றில் கால் புதைந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. கடகடப்பு ஒருமுறை ஓங்கியது. பிறகு டக்கென்று நின்றது. பள்ளத்தில் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய கை வயிற்றின் மேல் விழுந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் மறுநாளே வந்தார். வயலில் தண்ணீரை வடித்து, கீழே தார்ப்பாய் விரித்துப் படுத்து, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பரைக் கழற்றினார். எண்ணெய்ப் பம்பு உறிஞ்சுகிற இடத்தில் ஒரு சல்லடை இருக்கிறது. அது கறுப்புக் களிம்பால் முழுக்க அடைத்துப்போயிருந்தது. விரலால் வழித்து எனக்குக் காட்டினார். "எண்ணெயில குத்தமில்லீங்கக்கா. நல்ல எண்ணெய்தான். நல்லதா இருந்ததுதான் வம்பு" என்றார்.

அவரே சொன்னார். இந்த எஞ்சினுக்குள் பல வருடத்து அழுக்கு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பழைய எண்ணெய் அதைத் தொடாது, அழுக்கு அதுபாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். புதுசாக வரும் எண்ணெய்க்குக் கழுவும் குணம் உண்டு. அது எல்லாவற்றையும் கரைத்துக் கீழே கொண்டுவந்து சல்லடையில் சேர்த்துவிட்டது. எண்ணெய் மேலே ஏறவில்லை. பேரிங் எல்லாம் உருகி, எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் தண்டோடு ஒட்டிக்கொண்டது.

"மொதல்லயே சேம்பரைக் கழட்டிக் கழுவியிருந்தா இது ஆயிருக்காதுங்க. இல்ல, பழைய நாப்பதையே ஊத்தியிருக்கோணும்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தார். "நான் ஒரு நடை வந்து பாத்திருக்கோணுமுங்கக்கா."

"இப்ப என்னங்க பண்றது?"

"கிராங்க் வேணும். இந்த வண்டிக்கு எங்க போறது? சேலத்துப் பழைய இரும்புக் கடைங்கள்ல தேடிப் பாக்கறன்."

தேடினார். உண்மையாகவே தேடினார். திருச்சி பக்கம்கூட ஒருவரைக் கேட்டார். கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறை போன் வரும்போதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். "இல்லீங்கக்கா" என்று தொடங்கும் அந்தக் குரலுக்கு நான் பழகிப்போனேன்.

வண்டி வயலின் நடுவே நின்றது. அதைச் சுற்றிப் பாதி வயல் உழாமல் கிடந்தது. கொழுந்தனாரும் நானும் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தோம், முடிந்தது கொஞ்சம்தான். கீழே இருந்து வேறு டிராக்டர் வரவழைக்க, என்னிடம் நாள் கேட்டிருந்த மற்றவர்களும் ஒரே நேரத்தில் அலைந்தார்கள். அது எங்கள் பள்ளத்துக்கு வருவதற்குள் நாற்று முற்றிவிட்டது. அந்த வண்டி எங்களுக்குச் செய்தது, எங்கள் வண்டியைச் சங்கிலி போட்டு வெளியே இழுத்து விட்டது மட்டும்தான். நாற்றை மாட்டுக்குப் போட்டோம்.

ஊரில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அது போதாத காலம் என்றார்கள். சாமிக்குச் செய்ய வேண்டியதில் ஏதோ குறை இருக்கும் என்றார்கள். எனக்கு எதுவும் ஆறுதலாக இல்லை. நான் தேடாமல் இருக்கவில்லை. கேட்காமல் இருக்கவில்லை. விடை தெரிந்த ஒரே ஆளின் விரலிலேயே கொண்டுபோய்த் தொட்டுக் காட்டினேன். அவரும் விடை சொல்லாமல் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அது என்னிடம் வந்து சேரவில்லை. இதற்குமேல் ஒரு மனுசி என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒன்று இருந்தது என்று யாராவது சொன்னால்கூடத் தேவலை என்று இருக்கும்.

புரட்டாசியில் ஒரு நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அந்தப் பம்பு செட்டு எண்ணெய்தானுங்களா? அதத்தான் நாமக்கல்லுல வாங்குவீங்களா?" அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. சொல்ல வந்ததை அவரே அடக்கிக்கொண்டு, வாயை மூடி, சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அதன் பிறகு அவர் எதற்கும் எதுவும் சொல்வதில்லை. டாக்டரம்மா கேட்டபோது, நோயினால் இல்லை, அவராகவே நிறுத்திக்கொண்டார் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பழைய இரும்புக்காரர்கள் கார்த்திகையில் வந்தார்கள். முழு வண்டியாக மலை இறக்குவது சிரமம் என்று, ஓடைக்கரையிலேயே கேஸ் வைத்து அறுத்தார்கள். சத்தம் வீட்டுக்குக் கேட்காமல் இருக்காது. நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ரேடியோ போடவா என்று கேட்கலாமா என நினைத்தேன், கேட்கவில்லை. போர்வையை மட்டும் இழுத்துச் சரிசெய்தேன். மாலைக்குள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. எண்ணெய் சிந்திய இடத்தில் மட்டும் புல் கருகிக் கிடந்தது. அடுத்த மழைக்கு அதுவும் முளைத்துவிட்டது.

வயலை இந்த வருடம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அவரிடம் புது வண்டி இருக்கிறது. நல்ல மனிதர். உழவுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, "அக்கா, டிரைவர் கெடைக்க மாட்டீங்கறானுங்க. உங்களுக்கு வயலும் பழக்கம், வண்டியும் பழக்கம். நீங்களே வந்து ஓட்டிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். கூலியும் நியாயமாகத்தான் சொன்னார். எனக்கு வேலை தேவைதான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு, காப்பித் தோட்டத்தில் களை வெட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் காரணம் அதுவல்ல. எஞ்சின் ஓடும்போது எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் தப்பு என்று எனக்குப் பிரித்துத் தெரியாது. அந்த வண்டிமேல் உட்கார்ந்தால் வரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குத்தகைக்காரர் கிளம்பிய பிறகு களை வெட்டும் கொத்தைத் தீட்டி எடுத்துக்கொண்டேன். கொழுந்தனார் வந்து என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் தோட்டத்துக்குக் கிளம்பினேன். மேலே போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். திரும்பிப் போய்ச் செய்ய ஒன்றும் இல்லை என்பதால், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.